திருடன் மகன் திருடனா? அநீதி சட்டமாகி, சட்டம் நம்பிக்கையான கதை

“சாப்பிடுறியா, இல்ல குறத்திகிட்ட பிடிச்சுக் கொடுத்துடவா?”

எனக்குச் சோறூட்டும்போது ஆச்சி சொல்கிற வசனம் இது. பூச்சாண்டி, ஐந்து கண்ணன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள். குறத்தி அப்படியில்லை. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருவாள். ஊசி, பாசி, சீப்பு, முறம் என்று ஏதாவது விற்பாள். ஒருநாள் எங்கள் வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். நான் அடுப்படிக்கு ஓடி அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிறாள் என்றால் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆச்சி கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பாள். முருகன் கட்டிக்கொண்ட வள்ளி குறவர் வீட்டில் வளர்ந்தவள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் குறவஞ்சி என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அதில் குறத்தி குறி சொல்லுவாள், தன் மலையைப் பற்றிப் பெருமையாகப் பாடுவாள். கோயிலுக்குள் குறத்தி அம்மன். வாசலில் குறத்தி பிள்ளை பிடிக்கிறவள். இரண்டும் ஆச்சியின் மனதில் ஒன்றோடொன்று இடிக்காமல் பல வருஷம் குடியிருந்தன.

அநீதி, கருத்தேற்றம், அதிகார துஷ்பிரயோகம் என்ற மூன்று சொற்களைத் தனித்தனியாகப் படித்தால் பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். அவை ஒன்றுக்கொன்று எப்படித் தோள் கொடுக்கின்றன என்பதுதான் விஷயம். அதைப் பார்க்க ஆச்சியின் அந்த ஒரு வசனம் போதும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஆச்சிக்கு அது தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

முதலில் கருத்தேற்றம். இதற்கு நாம் வழக்கமாகச் சொல்வது மூளைச்சலவை. அந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். இருட்டறை, மயக்க மருந்து, தாடி வைத்த சாமியார் என்றெல்லாம் மனம் போய்விடும். நடைமுறையில் அது பருப்புச் சோற்றோடும் நெய்யோடும்தான் உள்ளே போகிறது.

கற்பிப்பதற்கும் கருத்தேற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் “ஏன் சார்?” என்று கேட்டால், நல்ல வாத்தியாராக இருந்தால் புளியங்கொட்டையை எட்டு எட்டாக ஏழு வரிசை அடுக்கி எண்ணச் சொல்வார். சந்தேகப்பட இடம் இருக்கிறது, சரிபார்க்க வழி இருக்கிறது. குறத்தி பிள்ளை பிடிப்பாள் என்பதை எதை எண்ணிச் சரிபார்ப்பது? அவள் முறைத்தால் அதற்கு ஓர் அர்த்தம், சிரித்தால் அதற்கும் அதே அர்த்தம். எது நடந்தாலும் தன்னையே உறுதிப்படுத்திக்கொள்கிற ஒரு கருத்தை, கேள்வி கேட்கத் தெரியாத வயதிலோ கேட்கத் துணியாத நிலையிலோ ஒருவர் மனதில் போட்டுவிடுவதுதான் கருத்தேற்றம்.

அடுத்தது அதிகார துஷ்பிரயோகம். இதில் இரண்டு வகை உண்டு. சாதிச் சான்றிதழுக்கு அதிகாரி ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்; இது விதியை மீறுகிற வகை. அசிங்கம்தான், ஆனால் அது தப்பு என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேலே புகார் எழுதலாம். இன்னொரு வகையில் விதியே துஷ்பிரயோகமாக இருக்கும். அங்கே அதிகாரி விதிப்படிதான் நடக்கிறார். புகார் கொடுத்தால், “சட்டம் அப்படித்தானே சொல்லுது” என்பார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். நாம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையை.

1871ஆம் ஆண்டுச் சட்டம்

1871 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தமிழில் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்கிறோம். சில இனங்கள், சாதிகள், கூட்டங்கள் பிறப்பாலேயே குற்றத் தொழில் செய்பவை என்று அரசு கருதினால் அவர்களைப் ‘குற்றப் பரம்பரை’ என்று அறிவித்து, ஒவ்வொருவர் பெயரையும் ஒரு பதிவேட்டில் ஏற்றலாம். மசோதாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம் ரொம்ப எளிமையானது. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அப்படியென்றால் திருடன் மகனும் திருடனாகத்தானே இருக்க வேண்டும்?

கொஞ்சம் நின்று யோசித்தால் இந்த வாதம் எவ்வளவு ஓட்டை என்று தெரியும். தச்சன் மகன் உளியைப் பிடிக்கப் பத்து வருஷம் பழகுகிறான். பிறந்த குழந்தை கையில் உளியோடு வருவதில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சபையில் அது அறிவுபூர்வமான பேச்சாகத்தான் எடுபட்டது. சாதி என்ற ஏற்பாட்டை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு வசதியான சாவி. எந்தப் பூட்டிலும் போட்டுத் திருகலாம்.

சட்டத்தின் பிரிவுகளில் என்னை மிகவும் உலுக்கியது ஒன்றுதான். அரசு ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. ஒரு கொலைகாரன்கூட “நான் செய்யவில்லை” என்று கோர்ட்டில் சொல்லலாம். இவர்களால் அது முடியாது. செய்த காரியத்துக்காகக் குற்றம்சாட்டினால்தானே செய்யவில்லை என்று மறுக்க முடியும்? பிறந்ததற்காகக் குற்றம்சாட்டினால் எதை மறுப்பது?

இன்னொரு விஷயம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கைகளைப் பற்றியது. குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் அவர்களுக்கும் பதிவேடு. ஆச்சியின் வசனம் எவ்வளவு பழையது என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

இது திடீரென்று ஒருநாள் முளைத்ததில்லை. 1836இலேயே ‘தக்கர்’ எனப்பட்ட வழிப்பறிக் கூட்டங்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை. என்ன செய்தான் என்று தனியாகக் காட்ட வேண்டியதில்லை. அப்புறம் 1857 சிப்பாய்க் கலகம் வந்தது. ஓரிடத்தில் நில்லாமல் அலைகிற மக்கள் மேல் அரசுக்கு அவநம்பிக்கை கூடியது. ஓரிடத்தில் இருக்கிறவனிடம் வரி வாங்கலாம், கணக்கெடுக்கலாம், தேவைப்பட்டால் பிடிக்கலாம். நாடோடியை என்ன செய்வது?

அந்த நாடோடிகள் ஏன் அலைந்தார்கள் என்று பார்த்தால் கதை மாறும். சென்னை மாகாணத்தில் குறவர்களும், தெலுங்குப் பகுதியில் அவர்களுக்கு நெருக்கமான எருகுலர்களும் கடற்கரையிலிருந்து மாடுகளிலும் கழுதைகளிலும் உப்பு ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றுகிற வியாபாரம் செய்தவர்கள். (நரிக்குறவர் என்று நாம் அழைப்பவர்கள் வேறு மக்கள், அவர்கள் பேசும் மொழியே வேறு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. ரயில் வந்தது; மூட்டை உப்பு ஒரே நாளில் உள்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காட்டுச் சட்டங்கள் வந்து மேய்ச்சலும் மூங்கிலும் கைவிட்டுப் போயின. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தொழில் போய்விட்டது, நடை மட்டும் மிஞ்சியது. வேலையில்லாமல் அலைகிறார்கள், ஆகவே திருடர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். வேலையைப் பிடுங்கியது யார் என்ற பத்தி அந்தக் கோப்பில் இல்லை.

கோப்பில் இருந்தது வேறு. 1892இல் மல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் ‘குற்ற வகுப்புகள்’ பற்றி ஒரு கையேடே எழுதினார். எந்தச் சாதி எப்படித் திருடும், என்ன ஆயுதம் வைத்திருக்கும், எப்படிப் பேசும் என்று பறவை நூல் எழுதுகிற மாதிரி வகைப்படுத்திய புத்தகம். இப்படிப்பட்ட எழுத்தைப் படித்துவிட்டு வேலைக்கு வருகிற இளம் இன்ஸ்பெக்டர், சந்தையில் கூடை விற்கிறவளைப் பார்த்ததும் என்ன நினைப்பார்? கருத்தேற்றம் முதலில் யாருக்கு நடக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஒடுக்கப்படுகிறவனுக்கு முன்னால், ஒடுக்கப்போகிறவனுக்குத்தான் நடக்கிறது. தான் செய்வது சரி என்ற நம்பிக்கை இல்லாமல் தினமும் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்க முடியாது.

ரேகை

1871 சட்டம் வட இந்தியாவில்தான் தொடங்கியது. 1911இல் திருத்தி எழுதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. 1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் அந்தச் சமூகம் முழுவதும் பதிவேட்டுக்குள் வந்துவிட்டது. பெயரே கள்ளர் என்றிருந்ததால் அரசுக்குச் சாட்சி தேடுகிற வேலையும் குறைந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பகுதியில் களவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கள்ளர்கள் பல ஊர்களுக்குக் காவல்காரர்கள். காவலுக்கு ஊர் நெல்லும் பணமும் கொடுக்கும். மாடு களவு போனால் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுக்க ‘துப்புக்கூலி’ வாங்குகிற வழக்கமும் இருந்தது. சில இடங்களில் களவாண்டவனும் துப்புச் சொன்னவனும் உறவினராகவே இருந்ததுண்டு. இதில் வெறுத்துப்போன குடியானவர்கள் 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் பணம் வசூலித்துச் சேர்த்துக் கள்ளர் காவலைத் துரத்தினார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் களவுக்கு ஏற்கெனவே சட்டம் இருந்தது, கோர்ட் இருந்தது, ஜெயில் இருந்தது. மாட்டை அவிழ்த்தவனைப் பிடிக்க அது போதும். அவன் தம்பி, அவன் சித்தப்பா, பக்கத்து ஊரில் கம்பு விதைத்துக்கொண்டிருந்தவன், இன்னும் பிறக்காத பேரன் ஆகிய எல்லோரையும் பிடிக்கத்தான் புதுச் சட்டம் தேவைப்பட்டது.

மக்கள் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லவில்லை. ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரலையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டுவதுதான் அவர்கள் உடம்பில் பட்ட சட்டம். ரேகை கொடுத்தவன் குறித்த நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். ராத்திரிகளில் கச்சேரி எனப்பட்ட போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ப் பொது இடத்திலோ கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். அதில் எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று எழுதியிருக்கும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும்.

இதை வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். பக்கத்து ஊரில் அக்கா வீட்டில் சாவு. சீட்டு எழுதுகிறவர் ஊரில் இல்லை. போனால் குற்றம், போகாவிட்டால் உறவு போயிற்று. புதுமாப்பிள்ளை ராத்திரி கச்சேரியில் படுத்திருக்கிறான். அறுப்புக்கு நாலு ஊர் தள்ளி ஆள் கூப்பிடுகிறார்கள். கூலியைவிட சீட்டு வாங்குகிற செலவு அதிகம். இந்த இடத்தில்தான் நான் முன்னே சொன்ன இரண்டாவது வகை துஷ்பிரயோகத்தின் விசித்திரம் தெரியும். இங்கே லஞ்சம் வாங்குகிற போலீஸ்காரர் இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு கோழியைக் கொடுத்து ஒரு ராத்திரி வீட்டில் தூங்கிவிடலாம். விதியை அப்படியே கடைப்பிடிக்கிற நேர்மையான அதிகாரி வந்தால்தான் ஊர் நடுங்கும்.

இனி இந்தச் சட்டத்தின் உள்ளே ஓடுகிற சக்கரத்தைப் பார்ப்போம். ஆஜராகாவிட்டால் தண்டனை. சீட்டில்லாமல் போனால் தண்டனை. பதிவேட்டில் இருக்கிறவன் ‘சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில்’ காணப்பட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. எது சந்தேகம் என்று முடிவு செய்வது அவனைப் பிடித்தவர்களும் விசாரிக்கிறவர்களும்தான். களவு, கொள்ளை போன்ற குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழு ஆண்டு, மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல் என்று தனி அளவுகோல். மற்றவர்களுக்கு அதே களவுக்கு அந்த அளவு இல்லை. வருஷக் கடைசியில் கணக்கெடுத்தால் இந்தச் சாதியில் இத்தனை பேர் தண்டனை பெற்றவர்கள் என்று பெரிய எண் வரும். அந்த எண்ணைக் காட்டி, பார்த்தீர்களா, இவர்கள் குற்றப் பரம்பரைதான் என்பார்கள். சட்டம் போட்ட முட்டையிலிருந்தே சட்டத்துக்குச் சாட்சி பொரித்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பெண்ணின் சிரிப்பு சாட்சியானது மாதிரிதான் இதுவும். எனக்கு ஐந்து வயது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெருங்காமநல்லூர்

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூர் என்ற ஊரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. நாங்கள் விவசாயம் செய்கிறோம், எங்கள் பேரில் குற்றம் இல்லை, எதற்கு ரேகை என்பதுதான் அவர்கள் கேள்வி. மேலே சொன்னபடி, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகக் கோர்ட் கிடையாது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் மாயக்காள் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு ஏப்ரல் 3 அன்றும் மாலை போடுகிறார்கள்.

இது ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அதை நாம் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்தோம். மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்த இதை நான் படித்தது படிப்பெல்லாம் முடிந்து வேலைக்குப் போன பிறகு. எந்தச் சாவு எல்லோர் துக்கமாகிறது, எது அந்தச் சாதியின் சொந்தத் துக்கமாக ஒதுங்கிவிடுகிறது என்பதைத் தீர்மானிப்பதிலும் அந்தப் பதிவேட்டுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ‘அவங்க’ செத்தார்கள் என்ற தொனி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருத்துகிறோம் என்று வந்தவர்கள்

அடிக்கிற கையை எளிதாக அடையாளம் காணலாம். தடவிக் கொடுக்கிற கைதான் சிக்கல். சட்டம் ‘செட்டில்மென்ட்’ என்ற குடியேற்றங்களை அமைக்கவும், ஆறு வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் அனுமதித்தது. பல குடியேற்றங்களை சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பு ஏற்று நடத்தியது. அதன் தலைவர்களில் ஒருவரான பூத் டக்கர், ஐ.சி.எஸ். என்ற உயர் அரசு வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். குற்றத்தை ஒரு நோயாகவும், தங்கள் வேலையை அதற்கான சிகிச்சையாகவும் பார்த்தார். ‘கிரிமினோக்யூராலஜி’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அவர் மனதார நல்லது செய்வதாகத்தான் நம்பியிருப்பார். சந்தேகமில்லை.

எருகுலர்களுக்காக இன்றைய ஆந்திராவின் பாபட்லா அருகே ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றம் உருவானது; அப்போது அது சென்னை மாகாணம். மாகாண அரசின் உயர் அதிகாரி ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயர். பக்கத்தில் சீராலாவில் புகையிலைத் தொழிற்சாலை இருந்தது. குடியேற்றத்து மக்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். ஓடிப்போக முடியாத, கூலி பேச முடியாத, வேலையை விட்டால் சட்டப்படி குற்றவாளியாகிற தொழிலாளி எந்த முதலாளிக்குக் கசக்கும்? இதில் யாரும் திட்டம் போட்டுச் சதி செய்ய வேண்டியதில்லை. அரசுக்குக் கண்காணிப்பு, பாதிரியாருக்கு ஆத்தும ரட்சிப்பு, கம்பெனிக்கு ஆள். மூவருக்கும் அவரவர் கணக்கு நேராகிவிட்டது. இந்தத் தத்துவம் தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்படத் தேவையுள்ளவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஒரு பொய் நீடித்து வாழ இது மாதிரிச் சூழல் போதும்.

இன்றைக்கும் தெலுங்கு நாட்டில் ஸ்டூவர்ட்புரம் என்றால் திருடர் ஊர் என்றுதான் பேச்சு. ‘திருத்த’ என்று கட்டிய ஊரின் பெயரே வசவாகிவிட்டது.

மதுரைப் பக்கம் இதே ‘திருத்தல்’ இன்னொரு வழியில் போனது. 1920கள் முதல் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகள் திறந்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. பல தலைமுறைகள் அங்கே படித்து வாத்தியாராகவும் போலீஸ் அதிகாரியாகவும் ஆகியிருக்கின்றன. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியையும் ‘சீரமைப்பு’ போன்ற சொற்களையும் எடுத்துவிடலாம் என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தபோது, அந்தப் பகுதியிலிருந்தே எதிர்ப்பும் கிளம்பியது. வெளியே இருந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவமானத்தின் பெயரை ஏன் காப்பாற்றுகிறார்கள்? ஆனால் அந்தப் பள்ளிகள் தங்கள் முன்னோர் ரத்தம் சிந்தியதால் கிடைத்தவை என்று நினைக்கிறவருக்குப் பெயர்ப்பலகை ஒரு பத்திரம் மாதிரி. பெயர் போனால் பள்ளியும் போய்விடும் என்று பயம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதில் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கில்லை.

நீக்கியபின்

மக்கள் சும்மா இருக்கவில்லை. மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் கள்ளர்களுக்காக வழக்காடினார். மலையாள தேசத்துக் கிறித்தவர். ஊரார் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். ராமநாதபுரம் பக்கம் மறவர் ஊர்களில் சட்டம் நுழைந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். கம்யூனிஸ்டுகளில் ஜீவாவும் பி. ராமமூர்த்தியும் குரல் கொடுத்தார்கள். 1936இல் நேரு நெல்லூரில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டே சென்னையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது, ஆனால் சட்டம் போகவில்லை. 1947இல்தான் சென்னை மாகாணம் அதை நீக்கியது. நாடு முழுக்க நீங்கியது 1952 ஆகஸ்ட் 31. நாடு சுதந்திரம் பெற்றபோது சுமார் 127 சமூகங்கள், ஏறக்குறைய 1.3 கோடிப் பேர் அதன் கீழ் இருந்ததாகக் கணக்கு. சுதந்திர தினம் இவர்களுக்கு இரண்டு. ஆகஸ்ட் 31ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிற சமூகங்கள் இன்றும் உண்டு.

சட்டம் போனது. பதிவேடு எங்கே போயிற்று? சென்னை மாகாணத்தில் 1948இலேயே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்று இன்னொரு சட்டம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களும் இதே மாதிரி சட்டங்களை வைத்துக்கொண்டன. இந்தமுறை சாதிப் பெயர் இல்லை, தனி ஆளின் பேரில்தான் ஏடு. ஆனால் பழைய ஏட்டைப் பார்த்துப் பழகிய கண்கள் அதே ஸ்டேஷனில்தான் இருந்தன. எங்கேயாவது நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்புக்கு வண்டி போகிறது என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப்படி வேலை பிரிப்பதை ரத்து செய்தது. சில மாநிலச் சிறைக் கையேடுகள் சீர்மரபினரை, அதாவது குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தினரை, பிறவிக் குற்றவாளிகளாகவே நடத்தியதும் அந்த வழக்கில் வெளியே வந்தது. சட்டத்தை நீக்கி எழுபத்திரண்டு வருஷம் கழித்து.

ஏட்டுக்கு வெளியே நடப்பது இன்னும் வேகமானது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தில் 65 வயதுப் பெண்ணை அடித்தே கொன்றார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்களாம், அதுதான் சாட்சி. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில் ஐந்து பேரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர்கள் நாடோடிகளான தாவரி கோசாவிகள், யாசகம் கேட்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். கொன்றவர்கள் யாரும் 1871 சட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தேவையும் இல்லை. அந்தச் சட்டம் சொன்னது அவர்களுக்குச் சோற்றோடு வந்திருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு, ஏதாவது ஒரு கூட்டத்தைப் பற்றி யாராவது ‘அவங்க அப்படித்தான்’ என்று சொல்லும்போது எனக்கு அந்த 1871 பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்ற பிரிவு. அதனால் மனதுக்குள் இரண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். இது ஒருவர் செய்ததைப் பற்றிய பேச்சா, அவர் பிறந்த இடத்தைப் பற்றியதா? குற்றம்சாட்டப்பட்டவர் வந்து பதில் சொல்ல ஏதாவது திண்ணை இருக்கிறதா? என்ன நடந்தால் ‘நான் நினைத்தது தப்பு’ என்று சொல்பவர் ஒத்துக்கொள்வார்? கடைசிக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது, சில சமயம் நட்பும். அந்தப் பேச்சால் யாருக்கு மலிவாக வேலையாள் கிடைக்கிறார், யாருக்கு ஓட்டு கிடைக்கிறது என்றும் பார்ப்பதுண்டு. சீராலாப் புகையிலைத் தொழிற்சாலை பழக்கிவிட்ட பழக்கம்.

போன மாதம் தங்கை தன் மகனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் குறத்தி என்ற சொல்லே தெரியாது. ஆச்சி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

“சாப்பிடலைன்னா போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்” என்றாள். அவன் உடனே வாயைத் திறந்தான்.